யாருடைய நம்பிக்கை?

முகையூர் ஒன்றியத்தைச் சேர்ந்த ஒரு சிற்றூரில், எனக்குப் பத்து வயது நடந்துகொண்டிருந்த காலத்தில், எங்கள் பக்கத்து வீட்டு வாசற்படிக்கு அருகே ஒரு மாந்திரீகர் முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டி, அதற்குள்ளிருந்து ஒரு செப்புத் தகட்டை எடுத்து, கூடியிருந்த ஜனங்கள் யாவரும் காணும்படி அரிக்கேன் விளக்கின் வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்ததை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். தகட்டின்மேல் கட்டங்கள் கீறியிருந்தன. அதைச் சுற்றி ஒரு கொத்துத் தலைமயிரும் ரவிக்கைத் துணியின் கிழிசலும் இருந்தன. “மூணு வருஷமா வாசப்படியாண்ட கெடக்குது, இதான் அந்தம்மாவைத் தின்னுக்கிட்டு இருக்குது” என்றார் அவர். கூட்டத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்கு மட்டும் ஒரு சங்கதி உறுத்திற்று. எங்கள் வீட்டுச் செப்புத் தவலையை ஆயா நாலு நாள் விளக்காமல் விட்டாலே கறுத்துப்போகும். மழைக்காலத்தில் அடிப்பக்கம் பச்சைக் களிம்பு பூத்துவிடும். மூன்று வருஷம் ஈரமண்ணில் கிடந்ததாகச் சொல்லப்பட்ட அந்தத் தகடோ, அன்று காலையில்தான் புளி போட்டுத் தேய்த்ததுபோலப் பளபளத்தது. இதை ஆயாவின் காதில் சொன்னேன். அவள் என் தொடையைக் கிள்ளி, “வாய மூடுடா” என்றாள்.

அந்த வீட்டு அம்மாளை நான் பெரியம்மா என்று கூப்பிடுவது வழக்கம். சில மாதங்களாகவே அவருக்கு மாலை வேளையில் காய்ச்சலும், விடாத இருமலும், நாளுக்கு நாள் உடம்பு இளைத்துக்கொண்டு வருவதுமாக இருந்தன. குறி கேட்டார்கள், மந்திரித்த கயிறு கட்டினார்கள், மாதா கோயிலிலிருந்து ஜெபித்த எண்ணெய் வந்தது, தர்காவில் ஓதிய தண்ணீர் வந்தது. இந்த விஷயத்தில் எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு மதபேதம் கிடையாது. கடைசியாகத்தான் தகடு எடுத்தார்கள். எடுத்த மறுநாள் பெரியம்மா எழுந்து திண்ணையில் வந்து உட்கார்ந்து, கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மூன்று வாரம் முகத்தில் சிரிப்பு இருந்தது. நாலாம் வாரம் இருமலில் ரத்தம் விழுந்தது. அப்புறந்தான் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டி.பி. என்றார்கள். ஒன்றரை வருஷம் மாத்திரையும் ஊசியுமாகக் கழிந்து, அவர் பிழைத்தெழுந்து பேரப்பிள்ளைகளையும் பார்த்தார்.

ஆனால் நான் சொல்ல வந்த கதை அவருடையது அன்று. மாந்திரீகர் தம் வாயால் யார் பெயரையும் சொல்லவில்லை. அந்தத் தொழிலில் தேர்ந்தவர்கள் சொல்வதில்லை. “ரத்த சம்பந்தம், ஒரே அடுப்புச் சோறு தின்னவங்க, வடக்கப் பாத்த வாசல்” என்று மூன்று அடையாளம் மட்டும் கொடுத்துவிட்டுத் தட்சிணையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். பாகப்பிரிவினைக்குப் பிறகு பொதுவில் விடப்பட்ட கிணற்றில் யாருக்கு எந்த நாள் முறை என்று அண்ணன் தம்பி இருவருக்கும் இடையே ஏற்கெனவே வழக்கு இருந்தபடியால், அந்த மூன்று அடையாளங்களும் பெரியம்மாவின் ஓரகத்தியின் தலையில் தாமாகவே போய் உட்கார்ந்துகொண்டன. அந்த அம்மாள் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். பேயையும் பில்லியையும் கேட்டால் சிரிப்பவர். செய்வினையில் அவருக்கு எள்ளளவும் நம்பிக்கை இருந்ததில்லை. அன்றிலிருந்து அவர் கையால் யாரும் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை; குழந்தைகளை அவர் வீட்டுப் பக்கம் விடவில்லை; அவருடைய மகளைப் பெண்பார்க்க வந்த இரண்டு இடத்தார் ஊருக்குள் விசாரித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். பெரியம்மா ஆஸ்பத்திரியிலிருந்து குணமாகி வந்த வருஷத்தில், நோய் என்னவென்று ஊருக்கே தெரிந்துவிட்ட பிறகு, அந்த அம்மாள் புருஷனையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு தாய்வீட்டு ஊருக்குப் போய்விட்டார். திரும்பி வரவேயில்லை.

செய்வினை பலிப்பதற்கு நம்பிக்கை ஒன்றுதான் காரணமா என்ற கேள்வி எழும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டு ஸ்திரீகளும் ஞாபகத்துக்கு வருகிறார்கள். படித்தவர்களில் பெரும்பாலோர் இக்கேள்விக்கு ஒரே வாக்கியத்தில் விடை சொல்லிவிடுவார்கள்: நம்பினால் பலிக்கும், நம்பாவிட்டால் ஒன்றும் நடக்காது, எல்லாம் மனப்பிராந்தி. கேட்பதற்கு இது பகுத்தறிவு போலத்தான் இருக்கிறது. ஆயினும் இதே வாக்கியத்தை மாந்திரீகரும் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். பரிகாரம் பலிக்காமற்போனால், “உங்களுக்குச் சிரத்தை பத்தலை” என்பதுதான் அவர் சமாதானம். தாக்குகிறவனும் தற்காத்துக்கொள்கிறவனும் ஒரே வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டிருப்பார்களேயானால் அந்த வாக்கியத்தைச் சற்று உருட்டிப் பார்ப்பது நல்லது. மேலும், எங்கள் ஊரில் மனிதர்களைவிட மாடுகளுக்குத்தான் செய்வினை அதிகம். கறவை மாடு திடீரென்று பால் வற்றினால் முதலில் கண்ணேறு என்பார்கள், பிறகு வைப்பு என்பார்கள். மாடு எந்த மந்திரத்தை நம்பிற்று? மடி வீங்கியிருப்பதைத் தொட்டுப் பார்க்கும் கால்நடை வைத்தியர் மடிநோய் என்று சொல்லிவிட்டுப் போகிறார். நோய் முதலில் வருகிறது. செய்வினை என்ற பெயர் பிறகுதான் வருகிறது.

பயத்தினால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது என்று நான் வாதிக்கவில்லை. ஆகும் என்பதற்குச் சாஸ்திரத்திலேயே ஆதாரம் உண்டு. 1990-ஆம் ஆண்டு வாக்கில் ஜப்பானிய மருத்துவர்கள் ஓர் இருதயக் கோளாற்றை விவரித்தார்கள். பெருந்துக்கமோ பேரதிர்ச்சியோ நேர்ந்தவர்களுக்கு, ரத்தக்குழாயில் அடைப்பு எதுவும் இல்லாதபோதே, மாரடைப்பைப் போன்ற வலி வந்து, இருதயத்தின் இடது கீழறை பலூன்போல உப்பிப்போகிறது. அந்த வடிவம் அந்நாட்டு மீனவர்கள் ஆக்டோபஸ் பிடிக்கக் கடலில் இறக்கும் குறுகிய கழுத்துப் பானையை ஒத்திருந்ததால், அந்தப் பானையின் பெயரையே, டாக்கோட்சுபோ என்று, நோய்க்கும் வைத்துவிட்டார்கள். பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள். சிலர் இறப்பதும் உண்டு. ஆகவே, ‘பயந்தே செத்தான்’ என்று நம் ஜனங்கள் சொல்வது வெறும் வாய்ப்பேச்சு அன்று.

இதற்கு ஐம்பது வருஷத்துக்கு முன்பே, 1942-இல், ஹார்வர்டு பல்கலைக்கழகத்து உடலியல் பேராசிரியர் வால்டர் கானன் சூனிய மரணத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆஸ்திரேலியப் பழங்குடியாரிடமும், ஆப்பிரிக்காவிலும், பசிபிக் தீவுகளிலும், சாபமிடப்பட்டவன் காயமோ விஷமோ இல்லாமல் சில நாட்களில் இறந்துபோவதாக வந்த செய்திகளையெல்லாம் திரட்டி, இடைவிடாத பெரும்பயத்தினால் நரம்பு மண்டலமும் அட்ரினல் சுரப்பியும் அளவுகடந்து வேலை செய்து ரத்த அழுத்தம் வீழ்ந்து மரணம் நேரக்கூடும் என்று அவர் அநுமானம் செய்தார். நம்பிக்கையே கொல்லும் என்பவர்கள் இன்றும் எடுத்துக்காட்டுவது இந்தக் கட்டுரையைத்தான். ஆனால் கட்டுரைக்குள்ளேயே வேறொரு செய்தி இருக்கிறது. எடுத்துக்காட்டுகிறவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். வட ஆஸ்திரேலியாவில் சாபமிடப்பட்டவனை அவனுடைய பந்துக்கள் முதலில் விட்டு விலகுகிறார்கள். அவனோடு பேசுவதில்லை, பழகுவதில்லை, உயிரோடிருப்பவர்களின் கணக்கிலிருந்து அவனை எடுத்துவிடுகிறார்கள். பிறகு இரண்டாம் முறையாகத் திரும்பி வருகிறார்கள். எதற்கென்றால், அவனுக்கு ஈமச்சடங்கு செய்வதற்கு. மனிதன் இன்னும் மூச்சுவிட்டுக்கொண்டுதான் இருக்கிறான்.

நாற்பது ஆண்டு கழித்து, 1982-இல், அதே வட ஆஸ்திரேலியாவின் ஆர்னெம் நிலப்பகுதியில் மனநல வைத்தியம் பார்த்துவந்த ஹாரி ஈஸ்ட்வெல் என்பவர் இன்னும் கிட்டப்போய்ப் பார்த்து எழுதினார். சாபத்தால் சாகிறவன் என்று தீர்மானிக்கப்பட்டவனிடமிருந்து உறவினர்கள் தண்ணீரை எடுத்துவிடுகிறார்கள்; சாகப்போகிறவனுக்கு எதற்குத் தண்ணீர் என்பது அவர்கள் எண்ணம். அந்தத் தேசத்து வெயிலில் தண்ணீர் இல்லாமல் ஒருவன் எத்தனை நாள் இருப்பான்? உடம்பில் நீர் வற்றி இறந்துபோகிறான். இதில் நம்பிக்கை இருக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் அவனைக் கொன்றது தலைமாட்டிலிருந்து எடுத்துவைக்கப்பட்ட தண்ணீர்க் குடுவை. அதை எடுத்தது அவன் கை அன்று. சாபத்தைப் பொய்யென்று அவனே உள்ளூர எண்ணியிருந்தாலும் தாகம் நின்றிருக்காது.

நான் இந்தச் செய்தியை முதன்முதலில் படித்தபோது எங்கள் ஊர்க் கிணற்றையும், ஓரகத்தி அம்மாள் நீட்டிய செம்பிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்ட அண்டைவீட்டாரையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

எங்கள் ஜில்லாவில் இந்த விஷயத்துக்குத் தலைநகரம் எது என்றால் மேல்மலையனூர்தான். செஞ்சிக்கு வடக்கே உள்ள அந்த ஊரில் அங்காளம்மன் சந்நிதிக்கு அமாவாசைதோறும் நள்ளிரவில் நடக்கும் ஊஞ்சல் உற்சவத்துக்கு வருகிற ஜனத்திரளைப் பார்த்தவர்களுக்கு, பில்லி, சூனியம், ஏவல், வைப்பு என்ற சொற்கள் அகராதிச் சொற்கள் அல்ல என்பது விளங்கும். மாசி மாதத்து மயானக் கொள்ளையன்று சுடுகாட்டில் தானியத்தையும் காய்கனிகளையும் வாரி இறைப்பதும், தலைவிரிகோலமாக ஸ்திரீகள் ஆவேசம் கொண்டு ஆடுவதும், பார்ப்பவரை ஒரு கணம் உலுக்கிவிடும். 1993-இல் தென்னாற்காடு ஜில்லா விழுப்புரமாகவும் கடலூராகவும் பிரிவதற்குச் சற்று முன்னர், இசபெல் நபோகோவ் என்னும் மானுடவியலார் இந்தப் பிரதேசத்தில் தங்கி, குறி சொல்வதையும் பேயோட்டுவதையும் சூனியம் எடுப்பதையும் நேரில் கண்டு, 2000-ஆம் ஆண்டில் ஒரு புத்தகம் வெளியிட்டார். சூனியத்தைக் கழிக்கும் சடங்கைப் பற்றி அவர் சொல்வது கவனிக்கத்தக்கது: கழிப்பு என்பது உருவத்தில் ஒரு சாவுச் சடங்கு. பாதிக்கப்பட்டவனுக்குப் பிரதியாக ஓர் உருவம் வைத்து, அவனையே இறந்தவனாகப் பாவித்து, சுடுகாட்டு முறைப்படி எல்லாம் செய்து, அதன் பிறகே அவனைப் புதிதாக வீட்டுக்கு அனுப்புகிறார்கள். ஆர்னெமில் உயிரோடிருப்பவனுக்கு ஈமச்சடங்கு செய்து சாகவிடுகிறார்கள்; செஞ்சிப் பக்கத்தில் அதே சடங்கைச் செய்து பிழைக்கவைக்கப் பார்க்கிறார்கள். இரண்டிடத்திலும் உறவினர்கள் சுற்றி நிற்கிறார்கள். சடங்கு முடிந்ததும் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அவன் கதி.

சுவடிகளில் வசியம், மோகனம், தம்பனம் என்று தொடங்கி மாரணத்தில் முடியும் அஷ்டகர்மங்களை விஸ்தாரமாக எழுதி வைத்திருக்கிறார்கள். அவற்றை ஆராய்வது இங்கே நமக்கு வேண்டியதில்லை. மந்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட வீட்டில் என்ன நடந்தது என்பதுதான் எப்போதும் அதிக விஷயம் சொல்லும்.

வீட்டில் நடந்ததைச் சொல்லிக்காட்டும் கலையில் நம் பழந்தமிழ்ப் புலவர்களுக்கு நிகர் இல்லை. முகையூரிலிருந்து திருக்கோவலூர் அதிக தூரம் இல்லை. அங்கே தென்பெண்ணை ஆற்றுக்குள்ளே கபிலர் குன்று என்று ஒரு பாறை நிற்கிறது. பாரி இறந்த பிறகு கபிலர் உயிர்விட்ட இடம் அது என்று பரம்பரையாகச் சொல்லி வருகிறார்கள். அந்தக் கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் ஒரு பெண் நோயுற்று மெலிகிறாள். தாய் கலங்கி, அறிந்தவர்களையெல்லாம் கேட்டு, தெய்வங்களுக்கெல்லாம் பூவும் புகையும் இட்டு வணங்குகிறாள். தோழி வந்து, நோய்க்குக் காரணம் தெய்வம் அன்று, மலைச்சாரலில் சந்தித்த ஓர் இளைஞன் என்று பக்குவமாக எடுத்துரைக்கிறாள். குறிஞ்சித் திணைப் பாட்டுகள் பலவற்றில் இதே நிலைமையில் வேலனை வரவழைத்து, ஆட்டை வெட்டி, வெறியாட்டு நடத்துகிறார்கள். காரணம் அறியாமல் வந்து நிற்கும் வேலனையும் முருகனையுமே எள்ளி நகையாடும் புலவர்களும் உண்டு. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே வெறியாட்டைக் கண்டு சிரிக்கத் தெரிந்த ஜாதி நாம் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஆனால் அந்தத் தோழியின் சாமர்த்தியம் சிரிப்பதில் இல்லை. ‘உன் நம்பிக்கை மூடத்தனம்’ என்று அவள் தாயைக் கடிந்துகொள்ளவில்லை. வீட்டில் பேச முடியாமலிருந்த ஒரு விஷயத்தைப் பேசும்படி செய்தாள். தெய்வம் என்ற பெயருக்குப் பின்னால் ஒளிந்திருந்தது காதல். எங்கள் பெரியம்மா வீட்டில் செய்வினை என்ற பெயருக்குப் பின்னால் ஒரு கிருமியும் ஒரு கிணற்று வழக்கும் ஒளிந்திருந்தன. அவற்றை எடுத்துச் சொல்ல ஒரு தோழி இல்லை.

கிருமி என்று சொன்னவுடன் விஷயம் தீர்ந்துவிடுவதும் இல்லை. ஆங்கிலேய மானுடவியலார் எவன்ஸ்-பிரிட்சர்டு, நடு ஆப்பிரிக்காவின் அசாண்டே ஜனங்களைப் பற்றி 1937-இல் எழுதிய நூலில் தானியக் குதிர் ஒன்றை உதாரணம் காட்டுகிறார். கறையான் அரித்துக் கால் முறிந்து குதிர் சாய்கிறது; நிழலுக்காக அதன் கீழே உட்கார்ந்திருந்தவர்கள் நசுங்கிப்போகிறார்கள். கறையான் அரித்தது அந்த ஜனங்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் கேட்பது வேறு: கறையான் அரித்த குதிர் இந்த மனிதர்கள் உட்கார்ந்திருந்த இந்த நேரத்தில் ஏன் விழவேண்டும்? பெரியம்மாவின் புருஷனும் ஆஸ்பத்திரியில் இதையேதான் கேட்டார். ஒரே வீட்டில் ஆறு பேர் ஒரே காற்றைச் சுவாசிக்கிறோம். இவளுக்கு மட்டும் ஏன்? டாக்டர் உடம்பின் எதிர்ப்புச் சக்தியைப் பற்றி ஏதோ சொன்னார். அது உண்மைதான், ஆனால் அந்த விடையில் யாரையும் கோபித்துக்கொள்ள முடியாது. செய்வினையின் விடையில் முடியும். அந்த வசதிதான் அதை இத்தனை நூற்றாண்டுகளாக உயிரோடு வைத்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

மந்திரம் என்ற பெயரில் உள்ளே போவது சில சமயம் மந்திரமே அன்று, மருந்து என்பதையும் மறக்கக் கூடாது. ‘மருந்து வைத்துவிட்டார்கள்’ என்று எங்கள் பக்கத்தில் சொல்வது வழக்கம். நூல்களில் இடுமருந்து என்பார்கள். அதை எடுப்பதாகச் சொல்லி, நோயாளியின் வாயிலிருந்து மயிர்ச்சுருள் வரவழைத்துக் காட்டுவது பெரும்பாலும் கைத்திறன்தான். ஆனால் சோற்றில் எதுவும் கலக்கப்படுவதே இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. வேலி ஓரத்தில் முளைக்கும் ஊமத்தை விதை உள்ளே போனால் கண்மணி விரிந்து, நா வறண்டு, இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிந்து, மனிதன் பிதற்றத் தொடங்குவான். சுற்றியிருப்பவர்கள் பேய் பிடித்தது என்பார்கள். அரளி விதை இருதயத்தின் துடிப்பைக் குலைக்கும். எட்டிக்கொட்டை உடம்பை வில்லாக வளைக்கும். செங்காந்தள் கிழங்கு வாந்தியும் பேதியுமாகத் தொடங்கிச் சில நாளில் ஆளையே கொண்டுபோகும். இவையெல்லாம் நம்பாதவனையும் விடமாட்டா. வேலி ஓரத்துச் செடியின் காரியத்துக்கு மாந்திரீகருக்குப் புகழ் போய்ச் சேருகிறது.

மறுபுறத்தில், நல்ல பலன் கிடைத்ததாகச் சொல்லப்படும் இடங்களையும் நேர்மையாகப் பார்க்கவேண்டும். தமிழ்நாட்டில் முத்துசாமி கோயில் ஒன்றில் மனநோயாளிகள் வந்து தங்கிக் குணமடைவதாகப் பேர் இருந்தது. பெங்களூர் நிமான்ஸ் மனநல நிறுவனத்தைச் சேர்ந்த மருத்துவர்கள் 2000-ஆம் ஆண்டில் அங்கே வந்து தங்கிய 31 பேரைப் பரிசோதித்து, ஏறக்குறைய ஆறு வாரம் தங்கியபின் அவர்களுடைய நோய்க்குறிகள் சுமார் இருபது சதவிகிதம் குறைந்திருந்ததைக் கண்டு, 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ சஞ்சிகையில் வெளியிட்டார்கள். ஆள்தொகை சிறியது, ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு கூட்டம் இல்லை, ஆகையால் இதைக்கொண்டு பெரிதாக எதையும் ஸ்தாபித்துவிட முடியாது. என் கவனத்தை ஈர்த்தது வேறு: அங்கே அடிப்பாரில்லை, சவுக்கில்லை, விசேஷமான மந்திரச் சடங்கு எதுவும் இல்லை. கூட ஒரு உறவினர் தங்குகிறார். நோயாளி கோயில் வேலைகளில் ஒத்தாசை செய்கிறார். யாரும் அவரைத் துரத்துவதில்லை.

அந்தக் கணக்கு எடுத்த அடுத்த வருஷந்தான், 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி, ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் தனியார் நடத்திவந்த காப்பகக் கொட்டகை ஒன்றில் தீப்பிடித்து 28 மனநோயாளிகள் மாண்டார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்தபடியால் அவர்களால் ஓட முடியவில்லை. ஏர்வாடி தர்காவை நாடிக் கொண்டுவரப்படுகிறவர்களில் செய்வினை பட்டவர்கள் என்று குடும்பத்தாரால் முடிவுகட்டப்பட்டவர்கள் ஏராளம். அவர்களை மந்திரம் கொன்றது என்பாரும் இல்லை, அவர்களுடைய நம்பிக்கை கொன்றது என்று சொல்லவும் நாக் கூசும்.

ஆபிரகாம் கோவூரை நம்மில் பலர் படித்திருப்போம். 1898-இல் திருவாங்கூர் தேசத்தில் பிறந்து, ஈழத்தில் தாவரவியல் ஆசிரியராயிருந்து, ஓய்வுபெற்றபின் பேய்வீடுகளையும் கல்மாரிகளையும் துப்பறிந்தவர். வீட்டின்மேல் கல் விழும் இடங்களில் கல்லை எறியும் கை பெரும்பாலும் அந்த வீட்டுக்குள்ளேயே இருப்பதை, அதுவும் பேச வழியில்லாமல் புழுங்கிக்கொண்டிருக்கும் ஒரு சிறுவனுடையதாகவோ சிறுமியுடையதாகவோ இருப்பதை, அவர் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்தார். அமானுஷ்ய சக்தியை மோசடிக்கு இடமில்லாதபடி நிரூபிப்போருக்கு ஒரு லட்ச ரூபாய் என்று 1963-இல் அறிவித்தார். 1978-இல் அவர் காலமாகும் வரையில் அந்தப் பணத்தை யாராலும் பெற முடியவில்லை. அவரிடத்தில் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனாலும் எங்கள் ஊர் ஓரகத்தி அம்மாளும் கோவூரைப் போலவே எதையும் நம்பாதவர்தான். கோவூருக்கு உத்தியோகமும் கொழும்பு நகரத்து வாசமும் இருந்தன. அவர் வீட்டுத் தண்ணீரைக் குடிக்க மறுத்தால் அவருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. இந்த அம்மாளுக்கு இருந்தது அரைக் கிணறு. நம்பாதவனைச் செய்வினை ஒன்றும் செய்யாது என்ற வாக்கியம் கொழும்பில் பொருந்திற்று. எங்கள் தெருவில் பொருந்தவில்லை.

ஆகவே, நம்பிக்கை மட்டுமா காரணம் என்றால், யாருடைய நம்பிக்கை என்று திருப்பிக் கேட்கவேண்டும். பாதிக்கப்பட்டவரின் நெஞ்சுக்குள் இருக்கும் நம்பிக்கை மூன்று வாரம் களி சாப்பிடவைக்கும், சில வேளை இருதயத்தைப் பானைபோல உப்பவும் வைக்கும். அதற்குமேல் அதன் சக்தி அதிகமில்லை. ஊராரின் நம்பிக்கைதான் கதவைச் சாத்துகிறது, சம்பந்தத்தை முறிக்கிறது, சங்கிலியைப் பூட்டுகிறது, ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளைத் தள்ளிப்போடுகிறது. அதை வெறும் நம்பிக்கை என்பதைவிட நடத்தை என்று சொல்வதே பொருத்தம்.

மந்திரம், தாயத்து, கவசம் முதலியவற்றால் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதை இந்திய அரசாங்கம் 1954-ஆம் வருஷத்துச் சட்டத்தினாலேயே தடுத்திருக்கிறது. டெலிவிஷன் பார்க்கிறவர்கள் இதைப் படித்துச் சிரிப்பார்கள். மூடநம்பிக்கை எதிர்ப்பாளர் நரேந்திர தாபோல்கர் 2013 ஆகஸ்டில் புணே நகரத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகே மகாராஷ்டிரத்தில் மாந்திரீக ஒழிப்புச் சட்டம் வந்தது. பின்னர் கர்நாடகமும் செய்தது. தமிழ்நாட்டிலும் இப்படியொரு சட்டம் வேண்டுமென்ற கோரிக்கை நெடுநாளாக உண்டு. அப்படிச் சட்டம் செய்வோர் மகாராஷ்டிரத்தை மட்டும் பாராமல், பீகார் 1999-இலும் சத்தீஸ்கர் 2005-இலும் செய்துகொண்ட சட்டங்களையும் புரட்டிப் பார்க்கவேண்டும். தகடு புதைத்தானா, எடுத்தானா என்ற விசாரணைக்கு முன்னதாக, ஒருவரைச் சூனியம் செய்தவர் என்று அடையாளம் காட்டுவதையே அவை குற்றமாக்கியிருக்கின்றன. எங்கள் ஊரில் அப்படியொரு சட்டம் அன்றைக்கு இருந்திருந்தால் மாந்திரீகர் தப்பித்திருக்கலாம். ‘வடக்கப் பாத்த வாசல்’ என்றதைக் கேட்டுப் பெயரை நிரப்பிக்கொண்ட நாங்கள் எல்லோரும் கூண்டில் ஏறியிருப்போம். வாயை மூடிக்கொண்ட பத்து வயதுப் பையனையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டில் மனச் சமாதானத்துக்காகத் தகடு எடுக்கத்தான் வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள்; யார் வைத்தது என்று மட்டும் கேட்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நிற்கவில்லையானால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். சளிப் பரிசோதனையும், டி.பி. என்று தெரிந்தால் முழு மருந்தும், அங்கே இலவசம்.